நாலு பேர் ஓடினார்கள்

"நான் எழுதினது உண்மையாக்கா? அதை மட்டும் சொல்லுங்க."

சொர்ணா நிமிரவில்லை. கடலூர் மீன் சந்தையில் மீன் ஆய்ந்து கொடுப்பவள். அந்த வட்டாரத்துத் திருநங்கைகளுக்கு அவள்தான் குரு. குணாளனைவிட இரண்டு வயது இளையவள். ஆனாலும் அவனுக்கு அக்கா.

அஞ்சலகத்தில் எழுத்தர் வேலை பார்க்கும் குணாளன், சொர்ணாவையும் அவள் தோழிகளையும் பற்றி நாவல் எழுதியிருந்தான். நாளைக்கு அச்சுக்குப் போகிறது. மூன்று நாளாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"யாருக்குப் பயப்படுற?"

"உங்களுக்குத்தான். எங்க பொழப்ப வித்துத் தின்னுட்டான்னு சொல்லிட்டீங்கன்னா?"

"படி."

சொர்ணாவின் அம்மா கதவைச் சாத்திய பக்கத்தைப் படித்தான். ஆஸ்பத்திரியில் ஆண்கள் வரிசையா பெண்கள் வரிசையா, எதில் நிற்பதென்று தெரியாமல் சொர்ணா காய்ச்சலோடு திரும்பி வந்த பக்கத்தைப் படித்தான். சங்கரா மீனின் செதில் அவன் சட்டையில் தெறித்தது. துடைக்கவில்லை.

"அப்படித்தான் நடந்துச்சு. மேல படி."

பழைய பேருந்து நிலையக் காட்சி வந்தது. போலீஸ் வேன். லத்தி. நாலு பேர் ஓடினார்கள். சொர்ணாவின் தோழி வசந்தி தடுக்கி விழுந்தாள். மறுநாள் அவளை விட்டபோது தலையை மொட்டை அடித்திருந்தார்கள்.

சொர்ணாவின் கத்தி நின்றது.

"எத்தனை பேரு?"

"நாலு பேருக்கா."

"வசந்தி கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினது யாரு?"

குணாளன் தாளை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"நானும் அங்க இருந்தேன்னு ஆபீஸ்ல தெரிஞ்சா அவ்வளவுதான். வீட்ல அம்மா இருக்காங்கக்கா."

"எனக்கும் இருந்தாங்க."

மீன் வாங்க வந்த ஒருவர் பையை நீட்டினார். சொர்ணா நறுக்கியதை அதில் போட்டு அனுப்பினாள்.

"உன்னைப் பத்தி எழுதுன்னு நான் சொல்லல. வேண்டாம்னா விடு. ஆனா வசந்தி தடுக்கி விழல. செத்துப்போனவ வந்து சொல்ல மாட்டா."

குணாளன் பேனாவை எடுத்தான். பேனாவின் மூடி கழன்று கீழே உருண்டது. எடுக்கவில்லை.

'நாலு' என்பதை அடித்தான். 'ஐந்து' என்று எழுதினான். 'தடுக்கி' என்ற சொல்லை அடித்தான். பிறகு ஓரத்தில் ஒரே மூச்சில் எழுதினான்:

'கையை விட்டவன் நான்.'

சுற்றிலும் சந்தைக் கூட்டம். தாளை அவளிடம் நீட்டினான்.

சொர்ணா வாங்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல? சத்தமா படி."