வலப்பக்கம், கொஞ்சம் பின்னால்

“டீச்சர், அருளப்பன் படத்துக்குள்ள வரமாட்டேங்கறான்.”

துரைக்கண்ணு தூரிகையைத் தூக்கிப் போட்டார். எண்பதை நெருங்குகிற வயசு. ஒரு காலத்தில் போர் விமானம் ஓட்டிய கை, இப்போது தாம்பரத்தில் கமலவேணியிடம் படம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தது. அவளுக்கு அவர் மகள் வயசுதான் இருக்கும். ஆனால் விமானச் சண்டையை வரைவதென்றால் அவள்தான் என்று விமானப்படைக்காரர்களே தேடி வருவார்கள்.

“சின்னதாப் போட்டா, பயந்து ஓடற மாதிரி இருக்கான். பெரிசாப் போட்டா, சண்டையே மறைஞ்சுபோகுது. அழிச்சு அழிச்சுப் படத்துணியே நைஞ்சுபோச்சு.”

“அப்ப, அவர் இல்லாமலே இருக்கட்டுமே சார்.”

“ஐயையோ! ஞாயித்துக்கிழமை செசிலி வருது. அவன் தங்கச்சி. அண்ணனைப் புதைக்க ஒரு எலும்புகூடக் கிடைக்கலை அதுக்கு. ‘கண்ண மூடறதுக்குள்ள எங்கண்ணன வானத்துல ஒரு தடவை பாத்துடணும்’னு கேட்டுச்சு. வரைஞ்சு தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்.”

கமலவேணி படத்தைப் பார்த்தாள்.

மேகம். புகை கக்கிக்கொண்டு சரிகிற எதிரி விமானம். அதைத் துரத்துகிற துரைக்கண்ணுவின் விமானம், முதுகெல்லாம் வெயில்.

“உங்க சிநேகிதர் எப்படி ஆளு?”

அவர் முகம் இளகிவிட்டது.

“சரியான கள்ளன். செசிலி அனுப்பற நார்த்தங்காய் ஊறுகாயை என் கண்ணுல காட்டமாட்டான். ஆனா மேல ஏறிட்டா வேற ஆளு. தன் விமானத்துல எனக்குத் துணையாப் பின்னாலயே வருவான். ரேடியோவுல ஒரே பேச்சுதான்: ‘நீ முன்னாடி பாருடா. உன் முதுக நான் பாத்துக்கறேன்.’ இந்தச் சண்டை அன்னிக்கும் அதையேதான் சொன்னான். எதிரிய அடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன், வெறும் வானம்.”

கமலவேணி முக்காலியை இழுத்துப் படத்துக்கு எதிரே போட்டாள்.

“உக்காருங்க சார். இது உங்க விமானந்தானே?”

“ஆமா.”

“நீங்க இதுக்குள்ள இருக்கீங்க?”

“ஆமா. வேற எங்க இருப்பேன்?”

“உள்ள இருக்கறவருக்கு இந்த முதுகு எப்படித் தெரிஞ்சுது?”

“அது... வலப்பக்கம், கொஞ்சம் பின்னால இருந்து பாத்தா...”

அவர் கீழே கிடந்த தூரிகையை எடுத்துத் துடைத்து வைத்தார்.

கமலவேணி டீ போட உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செசிலி வந்தாள். தலையெல்லாம் பஞ்சு. கையில் ஊறுகாய் பாட்டில். முக்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தில் மூலைமூலையாகத் தேடினாள்.

“புகையறது எதிரி. முன்னால போறது நீங்க. எங்கண்ணன் எங்க, துரையண்ணே?”

துரைக்கண்ணு அவள் முதுகுப் பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

“நீ உக்காந்திருக்கற இடத்துலம்மா.”