சிறகு காயவைத்த நீர்க்காகம்

ஆலங்கேணி ஏரியில் காரழகி என்று ஒரு நீர்க்காகம் படித்துக்கொண்டிருந்தாள்.

சிரிக்காதீர்கள், நிஜமாகவே படித்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த ஏரியில் பறவைகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகமே உண்டு. காரழகி அதில் முங்குநீச்சல் துறை, கடைசி ஆண்டு. அவள் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவள்.

வீடு என்றால் மூன்று காத தூரத்தில் ஒரு குட்டை. வருஷத்துக்கு வருஷம் அது வற்றிக்கொண்டே வந்தது. அங்கே அம்மாவும் இரண்டு தம்பிகளும் சேற்றைக் கிளறிக்கொண்டு கிடந்தார்கள். காரழகி தேறிவிட்டால் பெரிய அணைக்குப் போகும் கூட்டத்தில் குடும்பத்தோடு இடம் கிடைக்கும். தவறினால் இன்னொரு வருஷம். அதுவரை குட்டை தாங்குமா என்பதே சந்தேகம்.

தேர்வில் மூன்று முழுக்கு. மூன்றாவதுதான் பயங்கரம்! மதகடிப் பள்ளத்தின் அடிவரை போய் ஒரு செங்கூழாங்கல்லைக் கொத்தி எடுக்க வேண்டும். அதோடு பறந்துபோய், ஏரி நடுவிலிருக்கும் கருவேலந்திட்டில் கூழைக்கடாப் பேராசிரியர் முன்னால் வைக்க வேண்டும்.

படிப்பு விடுமுறை ஒன்பது நாள் விட்டார்கள்.

நீர்க்காகங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாலைந்து முறை முங்கி எழுந்ததும் பட்டமரத்தில் ஏறி உட்கார்ந்து, சிறகை விரித்து வெயிலில் காயவைப்பார்கள். கொடியில் கறுப்புத் துணி காயப்போட்டதுபோல வரிசையாக நிற்பார்கள். காரழகியும் முதல் நாள் அப்படித்தான் நின்றாள்.

அப்போது கரையோரத்திலிருந்து வெள்ளையன் என்ற கொக்கு கூப்பிட்டான்.

"என்ன காரழகி, ஹாயா வெயில் காயுறே? இந்த வருஷம் கேள்வி ரொம்பக் கஷ்டமாம்! மேற்குக்கரைப் பசங்க எல்லாத்தையும் மூணு தடவை முடிச்சிட்டாங்களாம்!"

வெள்ளையன் படிப்பது நிற்றல் துறை. ஒற்றைக்காலில் ஆடாமல் நின்றால் அவனுக்குத் தேர்ச்சி. முங்குவதைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? ஆனால் பயந்த மனசு இதையெல்லாம் யோசிக்குமா?

காரழகி தண்ணீரைப் பார்த்தாள். அவள் வகுப்பில் படிக்கும் பூவரசன் என்ற முக்குளிப்பான் பறவை, குண்டாக மிதந்துகொண்டிருந்தான். முங்கினான், எழுந்தான், மறுபடி முங்கினான். மரத்தின் பக்கமே வரவில்லை.

"அவன் நாள் முழுக்கத் தண்ணியிலயே இருக்கான். நான் பாதி நாளை மரத்துல தொலைக்கிறேனே!" என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. அந்த நிமிஷமே சிறகை மடக்கிக்கொண்டு தண்ணீரில் குதித்தாள்.

அன்றிலிருந்து காயவைப்பது நின்றது. இரண்டாம் நாள் பத்து முழுக்கு கூடுதலாகப் போட்டாள். சந்தோஷமாக இருந்தது. நாலாம் நாள் சிறகு கனத்தது. ஆறாம் நாள் மீன் பிடிக்கவே நேரமில்லை என்று பட்டினி கிடந்தாள். "சாப்பிட வாடி" என்று கூப்பிட்ட தோழியிடம் எரிந்து விழுந்தாள். ஏழாம் நாள் பள்ளத்துக்கு எந்தப் பக்கமாக இறங்குவது என்பதே மறந்துபோனது. மறந்துவிட்டதே என்று இன்னும் நாலு முறை முங்கினாள்.

ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் அது நடந்தது.

காரழகி பள்ளத்திலிருந்து மேலே வந்தாள். பறக்கச் சிறகை அடித்தாள். எழும்ப முடியவில்லை! ஊறிப்போன சிறகு ஈரச்சாக்காகக் கனத்தது. உடம்பு கழுத்துவரை தண்ணீருக்குள் அமிழ்ந்தது. மதகின் இழுப்பு அவளை மெல்ல இழுத்தது.

"யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள்.

பூவரசன்தான் பாய்ந்து வந்தான். பின்னாலிருந்து முட்டி முட்டி அவளைக் கோரைப்புல் திட்டில் ஏற்றினான். அங்கே போனதும் காரழகி உடைந்து அழுதாள்.

"நாளைக்குப் பரீட்சை! எல்லாம் போச்சு! நீ மட்டும் எப்படிடா நாளெல்லாம் தண்ணியில கிடக்கிறே?"

"என் இறகுல எண்ணெய் இருக்கு, தண்ணி ஒட்டாது" என்றான் பூவரசன். "உன்னைப் பாத்து நான் எத்தனை நாள் பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா? உன் இறகு நனையுது, அதனால நீ கல்லு மாதிரி அடிவரைக்கும் போயிடுறே. என்னைத் தண்ணி மேல மேல தள்ளுது. ராத்திரியெல்லாம் அந்தப் பயம்தான் எனக்கு!"

காரழகி அழுகையை நிறுத்தினாள். "உனக்குமா பயம்?"

"பின்னே? எனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு? முதல்ல சிறகை விரி. வெயில் இருக்கும்போதே காயட்டும்."

அவள் விரித்தாள். இளஞ்சூடு முதுகில் ஏறியது. பூவரசன் ஒரு கெண்டைமீனைக் கொண்டுவந்து போட்டான். அவள் அதை விழுங்கிவிட்டு, அவனோடு வெள்ளையனின் ஒற்றைக்கால் நிலையைக் கேலி செய்து சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, பள்ளத்துக்கு ஆலமர வேரின் ஓரமாக இறங்க வேண்டும் என்பது தானாக நினைவுக்கு வந்தது. அன்று சாயங்காலமே தோழியைத் தேடிப் போய், "கோவிச்சுக்காதடி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள்.

மறுநாள் தேர்வு. இரண்டு முழுக்கு முடிந்து ஒரு மணி நேர இடைவேளை விட்டார்கள். எல்லோரும் தண்ணீரிலேயே பரபரத்தார்கள். காரழகி நேராகப் பட்டமரத்தில் ஏறிச் சிறகை விரித்தாள்.

"ஐயோ, மத்தவங்க முங்கிப் பாத்துக்கிட்டிருக்காங்க!" என்று கரையிலிருந்து வெள்ளையன் அலறினான்.

அவள் ஒருமுறை தண்ணீரை எட்டிப் பார்த்தாள். ஆனாலும் இறங்கவில்லை.

கூழைக்கடா அலகைத் தட்டினார். காரழகி பாய்ந்தாள். ஆலமர வேரோரம், இருட்டு, குளிர், சேறு... கல்! கவ்விக்கொண்டு மேலே வந்து சிறகை ஓங்கி அடித்தாள். உடம்பு தண்ணீரை விட்டு எழும்பியது!

திட்டில் கல்லை வைத்தபோது அவள் ஏழாவது ஆள். கூழைக்கடா தலையை ஆட்டி, "தேர்ச்சி!" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பூவரசனும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான், கடைசி ஆளாக, வாயில் கல்லோடு. காரழகி அவன் தலையில் செல்லமாக ஒரு கொத்து கொத்தினாள்.

பிறகு மரத்தில் ஏறி மறுபடி சிறகை விரித்துக்கொண்டாள்.

"அதான் தேறிட்டியே, இன்னும் எதுக்குக் காயுறே?" என்றான் வெள்ளையன்.

"குட்டை வரைக்கும் பறக்கணும். அம்மாகிட்டச் சொல்லணும்!" என்றாள் காரழகி.

அடுத்தவரைப் பார்த்து நமக்கு வேண்டிய ஓய்வைக் கைவிட்டால், கற்றதெல்லாம் இருந்தும் வேண்டிய நேரத்தில் நம்மால் எழும்ப முடியாமல் போய்விடும்.