தண்ணீரைக் காலி செய்யச் சொன்ன ராஜா

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா ஏரிக்குள் நகரம் கட்டினார். எந்த ஊர் ராஜா என்று கேட்காதீர்கள். சொன்னால் நாலைந்து ஊர்க்காரர்கள் எங்களைத்தான் சொல்கிறாய் என்று சண்டைக்கு வருவார்கள்.

ராஜாவின் பெயர் கோதண்டராயர். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஒன்று தோன்றினால் மாலைக்குள் அது நடந்தாக வேண்டும். ஒரு கோடையில் மாடத்தில் நின்று பார்த்தவருக்கு, ஊருக்கு மேற்கே வறண்டு கிடந்த பெரிய ஏரி கண்ணில் பட்டது. இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்றார். பக்கத்தில் நின்ற நகரமைப்பு மந்திரி விழுப்பரையர் அந்த வார்த்தைக்காகவே பல வருஷமாகக் காத்திருந்தவர். அடுத்த மழைக்கு முன் ஏரியில் மண்ணைக் கொட்டி, தெருப் போட்டு, புதுநகர் என்று பெயரும் வைத்துவிட்டார். மனைகளை அரண்மனைப் பெரிய மனிதர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். இருப்பதிலேயே அகலமான மனையில் மந்திரியின் மாளிகை எழுந்தது.

மழை வந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று விகடகவி தோழப்பன் அப்போதே சபையில் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் வாயைத் திறந்தாலே சிரிப்பது அங்கே பழக்கமாகியிருந்தது. விகடகவி உத்தியோகத்தில் உள்ள பெரிய சங்கடமே இதுதான்.

ஐப்பசி பிறந்தது, மழை பெய்தது. மந்திரியின் கிரகப்பிரவேசத்துக்குப் போன ராஜா விருந்துண்டு எழுவதற்குள் கூடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. வாசலில் கழற்றி வைத்திருந்த பாதரட்சையில் ஒன்று தெருவோடு மிதந்து போனதை ராஜாவே பார்த்தார். மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு யானை மேல் ஏறி அரண்மனைக்கு வந்தார்.

மறுநாள் சபை கூடியதும் மந்திரி யோசனை சொன்னார். ஏரிக்கரைக்குக் கீழே செக்கடித் தெரு இருக்கிறது. அதன் நடுவே கால்வாய் வெட்டினால் புதுநகர்த் தண்ணீர் ஆற்றுக்கு ஓடிவிடும். வீடுகளை இடிக்க வேண்டியிருக்கும். ஆனால் அதை இடிப்பு என்று சொல்லக் கூடாது, நகர மேம்பாடு என்று சொல்ல வேண்டும்.

தோழப்பன் வீடு செக்கடித் தெருவில்தான் இருந்தது. எண்ணெய் ஆட்டிப் பிழைக்கும் அத்தனை குடும்பங்களும் மாட்டோடும் பிள்ளைகளோடும் மழையில் நிற்கப்போவதை நினைத்தபோது அவனுக்கு வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனாலும் எழுந்து நின்றான்.

"மகாராஜா, அத்துமீறிப் புகுந்தது தண்ணீர். தண்டனை செக்கடித் தெருவுக்கா? காலி செய்ய வேண்டுமானால் தண்ணீரையல்லவா காலி செய்யச் சொல்ல வேண்டும்?"

மந்திரிக்கு வாய்க்குள் சர்க்கரை போட்டது போல் இருந்தது. இந்த விகடகவியை ஒழித்துக்கட்ட அவரும் நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அந்தப் பொறுப்பைத் தோழப்பனிடமே ஒப்படைக்கலாம் என்றார். அவன் பிறகு பேச்சை மாற்றிவிடக் கூடாதே என்று, முறைப்படி சபை நடுவே வந்து கைகூப்பினார்.

"புதுநகரில் தண்ணீர் அத்துமீறிக் குடியேறியிருக்கிறது என்று அடியேனே புகார் அளிக்கிறேன். அதை உடனே வெளியேற்ற உத்தரவிட வேண்டும்."

ஒற்றைப் பாதரட்சை நினைவில் இருந்த ராஜா உத்தரவிட்டார். அத்துமீறிய மனிதனுக்கு என்ன முறையோ அதே முறை தண்ணீருக்கும். பௌர்ணமிக்குள் காலி செய்யாவிட்டால் செக்கடித் தெரு இடிக்கப்படும், தோழப்பனும் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

தோழப்பன் தமுக்கு அடிப்பவனைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு புதுநகருக்குப் போனான். ஒவ்வொரு தெரு முனையிலும் தமுக்கடித்துத் தண்ணீரைப் பார்த்து அரசாணையைச் சொன்னான். உன் பெயர் என்ன, எத்தனை காலமாக இங்கே இருக்கிறாய், போக வேறு இடம் உண்டா என்று முறைப்படி விசாரித்தான். பதில் வருவதற்குக் கொஞ்சம் அவகாசமும் கொடுத்தான். மாடியில் நின்றிருந்த பெரிய மனிதர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கீழே இறங்க வழியில்லாததால் அவர்களுக்கும் வேறு பொழுதுபோக்கு இல்லை.

பௌர்ணமியன்று ராஜா யானை மேல் வந்தார். பின்னாலேயே செக்கடித் தெரு முழுக்கத் திரண்டு வந்தது. மந்திரி மாளிகை வாசலில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. மந்திரி அதற்குள் நின்று வரவேற்றார். வேலைக்காரர்கள் அண்டாவால் தண்ணீரை மொண்டு ஜன்னல் வழியே வெளியே ஊற்ற, அது வாசல் வழியே உள்ளே வந்துகொண்டிருந்தது.

காலி செய்தாயிற்றா என்று ராஜா கேட்டார். செய்தாயிற்று என்றான் தோழப்பன். அப்படியானால் இது என்ன என்று ராஜா அங்குசத்தால் சுட்டிக் காட்டினார்.

"இது மந்திரியின் விருந்தாளி, மகாராஜா."

அந்த நாட்டில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒருவரைக் காலி செய்யச் சொல்லிப் புகார் கொடுப்பவர், அவருக்கு அதே அளவு மாற்று இடம் கிடைக்கும்வரை தம் வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க வேண்டும். அதனால்தான் அங்கே யாரும் லேசில் புகார் கொடுப்பதில்லை. செக்கடித் தெருவை இடிப்பதற்கு மேம்பாடு என்று மந்திரி பெயர் சூட்டியதும் இந்த வழக்கத்துக்குப் பயந்துதான். தண்ணீர் விஷயத்தில் அவர் அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டார். தண்ணீர் வந்து சாப்பாடு கேட்கும் என்று யார் நினைப்பார்கள்?

"உத்தரவுப்படி தண்ணீரைக் காலி செய்து, புகார்தாரர் வீட்டில் ஒப்படைத்துவிட்டேன்" என்றான் தோழப்பன். "ஆனால் இங்கே விருந்தாளியை அண்டாவால் மொண்டு வெளியே வீசுகிறார்கள். இது முறையல்ல."

ராஜாவின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை. அண்டாக்களைக் கீழே வைக்கச் சொன்னார். மாற்று இடம் கிடைக்கும்வரை ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்றார். இவ்வளவு தண்ணீருக்கு ஊருக்குள் எங்கே இடம் கிடைக்கும் என்று மந்திரி கேட்டார். அதற்குள் மாடியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"பட்டுப்புடவையெல்லாம் நாறுது. அந்தப் புகாரை வாபஸ் வாங்கித் தொலைங்களேன்!"

புகாரை வாபஸ் வாங்கவும் ஒரு முறை இருந்தது. பிரச்சினைக்குரிய இடத்திலேயே நின்று, இது எதிராளியின் இடம்தான் என்று ஊரார் கேட்கச் சொல்ல வேண்டும். மந்திரி இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, இது தண்ணீரின் இடம்தான் என்று உரக்கச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் தம் மாளிகை எங்கே நிற்கிறது என்பது அவருக்கு உறைத்தது.

"ஆக, மந்திரியாரே, அத்துமீறிக் குடியேறியது நீர்தான்" என்றார் ராஜா. "இவரைக் காலி செய்யச் சொல்லிப் புகார் கொடுப்பவர் யார்?"

புகார் கொடுத்தால் மந்திரியை வீட்டில் வைத்துச் சோறு போட வேண்டும். மற்றப் பெரிய மனிதர்கள் அண்ணாந்து மேகத்தைப் பார்த்தார்கள். தண்ணீரே புகார் கொடுக்கலாமே என்றார் ராஜா. கொடுக்கலாம், ஆனால் மந்திரிக்கு நீச்சல் தெரியாது என்றான் தோழப்பன்.

அப்போது கூட்டத்திலிருந்து செக்காட்டும் பொன்னுருவி முன்னால் வந்தாள்.

"நான் புகார் குடுக்கறேன் சாமி. எங்க வீட்லயே வச்சுக்கறேன். போன மாசம் மாடு ஒண்ணு செத்துப்போச்சு. செக்குத் தள்ள ஆள் வேணும்."

ராஜா யானை அதிரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவள் புகாரை ஏற்று, மண்ணை அள்ளி ஏரியைப் பழையபடி ஆழமாக்க உத்தரவிட்டார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தோழப்பனுக்குப் போட்டு, புதுநகரில் பிடித்த மனையை எடுத்துக்கொள்ளவும் வேடிக்கையாகச் சொன்னார். அங்கே ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது என்று தோழப்பன் மறுத்துவிட்டான்.

அடுத்த ஐப்பசியில் மேகம் கறுத்தபோது, மதகு சரியாக இருக்கிறதா, கரை பலமாக இருக்கிறதா என்று முதல் ஆளாக ஓடிப்போய்ப் பார்த்தவர் விழுப்பரையர்தான். மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு ஓடினார். செக்கடித் தெரு பள்ளத்தில் இருக்கிறதல்லவா?