வட்டிக்கு வந்த மல்லிகை

"காசு இல்லேன்னா கிணத்து மோட்டாரைக் கழட்டு!" என்று கத்தினார் வட்டிக்காரர் ராஜமாணிக்கம். மாஸ்க் மோவாயில் தொங்கியது.

"ஊரடங்குல பூ மார்க்கெட்டே பூட்டிக் கிடக்குண்ணே. மோட்டார் போனா செடியெல்லாம் காய்ஞ்சிரும்" என்றான் மல்லிகைத் தோட்டக்காரன் ஒச்சப்பன்.

"கொரோனா உனக்குத்தான், என் வட்டிக்கு இல்ல. காசோ பூவோ, தினம் விடிஞ்சதும் என் வாசலுக்கு வந்தாகணும்."

"பூவா? சரிங்கண்ணே."

மறுநாளே வாசலில் ரெண்டு மூட்டை மல்லிகை. கோயில் மூடல், கல்யாணம் இல்லை, சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. அடுத்த நாள் நாலு மூட்டை. படி, செருப்பு, புல்லட் எல்லாம் பூவுக்குள் புதைந்தன.

எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு பூ குவிந்தால் என்ன அர்த்தம்? பெரிய சாவு! உடனே போன் போட்டார்கள். சுகாதாரத் துறை ஆட்கள் வந்து பிளீச்சிங் பவுடரைக் கொட்டி, வாசலில் தகரம் அடித்தார்கள்.

"செத்தது யாரு?" என்றார் அதிகாரி.

"யாரும் சாகலய்யா! இது வட்டி!"

"பாவம், காய்ச்சல்ல உளறுறாரு. இன்னொரு தகரம் கொண்டாங்கப்பா."

மறுநாள் காலை பூ மூட்டையோடு வந்த ஒச்சப்பனைப் பார்த்து, ராஜமாணிக்கம் தகரத்துக்கு மேலே தலையை நீட்டிக் கும்பிட்டார்.

"மோட்டாரை நீயே வச்சுக்கடா. மார்க்கெட் திறந்ததும் காசு கொடு, அதுவரைக்கும் வட்டியே வேண்டாம். நாளைக்கு மட்டும் பூவைக் கொண்டு வந்துடாதே!"

ஒச்சப்பன் மோட்டாரை வைத்துக்கொண்டான். மார்க்கெட் திறந்ததும் காசையும் கொடுத்தான். ஆனால் ராஜமாணிக்கம் கும்பிட்டுக் கேட்டதற்கு மறுநாள் விடிந்ததும், வாசலில் ஆறு மூட்டை.