நடுக்கடலில் ஒரு துஆ

கடலும் வானமும் ஒரே பனியாகக் கலந்து கிடந்த விடியலில், பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி அபுசாலிகு மரைக்காயரைத் தீவுக்கு ஏற்றிப் போனான் தோணிக்கார மதாரு. தோணி தண்ணீரில் போகிறதா, மேகத்தில் போகிறதா என்றே தெரியவில்லை.

“முதலாளி, வெள்ளிக்கிழமை குத்பா பிரசங்கம் முழுக்க அரபியில ஓதுறாங்க. எங்களுக்கு ஒண்ணும் விளங்கலை. தமிழ்லயும் சொல்லச் சொல்லுங்களேன்” என்றான் மதாரு.

மரைக்காயர் சீறினார். “என் பாட்டன் காலத்துலேருந்து அரபிதான். அல்லாவுக்குத் தமிழ் கேக்கும்னு நீ நிரூபிச்சுக் காட்டு, இந்த வெள்ளியே மாத்திடுறேன்!”

மதாரு துடுப்பு வலித்தான். திடீரென்று பனிக்குள்ளிருந்து ஒரு பேரலை வந்து தோணியைச் சாய்த்தது. மரைக்காயர் பலகையைக் கட்டிப்பிடித்து அலறினார்.

“யா அல்லா, என்னைக் காப்பாத்து! எனக்கு நீச்சல் தெரியாது!”

மதாரு தோணியைத் திருப்பியபடியே பதறாமல் சொன்னான்: “துஆவை அரபியில கேளுங்க முதலாளி. தமிழ்ல கேட்டா அவனுக்கு விளங்காதே!”

தோணி நிமிர்ந்தது. மரைக்காயர் நனைந்த தாடியைத் துடைத்துக்கொண்டார்.

“விளங்கிருச்சு போலிருக்கு, மதாரு” என்றார் மெல்ல.

அந்த வெள்ளிக்கிழமை, அரபி வசனங்களுக்கு நடுவே இமாம் தமிழில் பேசினார். பள்ளிவாசலில் ஒருவர்கூடத் தூங்கவில்லை.