தோளில் போகும் படகு

“சாமி, நேற்று படகைப் பின்னால் இழுத்தது கடவுளா, நம் ஆட்களா?”

பாசேர் கேட்டேவிட்டான். இத்தனை வருஷச் சீடன், தலைமைப் பூசாரி நெப்சேனியிடம் இப்படி வாய் திறந்ததே இல்லை. அவன் அக்காள் விடிய விடியத் தலையிலடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். கேட்காமல் என்ன செய்வான், பாவம்!

எகிப்தில் அந்தக் கோயிலில் வழக்கு இப்படித்தான் தீரும். சாமி சிலையை மரப்படகில் வைத்து, திரை போட்டு, பூசாரிகள் தோளில் சுமப்பார்கள். தலைமைப் பூசாரி எதிரே நின்று கேட்பார். படகு முன்னால் வந்தால் ஆமாம். பின்னால் போனால் இல்லை. அதற்கு மேல் பேச்சே கிடையாது.

களஞ்சியக்காரன் ஹூயி குற்றமற்றவனா? இதுதான் நேற்றைய கேள்வி. படகு பின்னால் போய்விட்டது. இனி அவனுக்குக் கல்குவாரிதான். அங்கே போனவர்கள் திரும்பியதில்லை.

ஹூயி, பாசேருடைய அக்காள் புருஷன்.

“படகின் முன்பக்கம் தோள் கொடுத்தவன் நீதானே?”

“ஆமாம் சாமி. சத்தியமாக நான் காலைப் பின்னால் வைக்கவில்லை. அதுவாக இழுத்துக்கொண்டு போனது.”

“ஆட்களைக் கூப்பிடு. படகைத் தூக்குங்கள்.”

தூக்கினார்கள். நேற்றுப் போலவே பாசேரும் முன்பக்கம் தோள் கொடுத்தான்.

நெப்சேனி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். “ஹூயி குற்றமற்றவனா?”

படகு பின்னால் போனது.

“கடவுளேதான்!” என்றான் சுமந்தவர்களில் ஒருவன்.

நெப்சேனி திரையை விலக்கினார்.

அட தெய்வமே! உள்ளே ஒன்றுமில்லை. சிலை பூட்டிய கருவறைக்குள் இருந்தது.

பாசேர் தோளில் படகோடே கத்தினான். “அப்படியானால் என் மச்சானை விட்டுவிடுங்கள், சாமி!”

“நான் யாரப்பா விடுவதற்கு? தீர்ப்பு படகுடையது. என்னை இந்தப் பதவியில் உட்கார வைத்ததும் இதே படகுதான்.” என்றார் நெப்சேனி. “ஒன்று செய்யலாம். நான் தகுதியில்லாதவன் என்று படகு சொல்லட்டும். என் காலத்துத் தீர்ப்பெல்லாம் செல்லாமல் போகும். ஹூயி இன்றைக்கே வீட்டுக்கு வரலாம்.”

தலைமைப் பூசாரிக்கு அடையாளமாகத் தோளில் போட்டிருந்த சிறுத்தைத் தோலைச் சரிசெய்துகொண்டு எதிரே வந்து நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் பாசேரையே பார்த்தார்.

“இந்தப் பதவிக்கு நான் தகுதியானவனா?”



படகு முன்னால் நகர்ந்தது.

“முதலில் அடி எடுத்து வைத்தது யார்?” என்று கேட்டார் நெப்சேனி.

பாசேர் குனிந்து பார்த்தான். அவனுடைய கால்தான்.