நான்காவது பொட்டு

மலையடிவாரத்தில் மடம் வைத்திருந்த சுருளிச்சாமி, காவி கட்டுவதற்கு முன்னால் மலைப்பாதையில் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர். ஒருமுறை பிரேக் போன பஸ்ஸை ஒரு யானை மேல் சாய்த்து நிறுத்தினார் என்று சொல்வார்கள். யானை கோபிக்கவில்லையாம், கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டதாம். நானும் விசாரித்துப் பார்த்தேன். யானை கிடைக்கவில்லை.

அன்றைக்குச் சாமிக்கு ஒரே அலுப்பு. காலையிலிருந்து ஏழு பேர் வந்து வாழ்க்கை என்றால் என்ன என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். எட்டாவது ஆள் வருவதற்குள் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் படுத்துவிட்டார்.

எட்டாவதாக ஒரு கார் வந்தது. மாட்டுவண்டி முந்திக்கொண்டு போகும் வேகத்தில் வந்தது. தனுஷ்கோடி இறங்கினார்.

தனுஷ்கோடிக்கு வயது அறுபத்தொன்று. சாமியைவிடப் பத்து வயது மூத்த சீடர். மனைவி பூரணம் இறந்துபோன இந்த எட்டு மாதமாக, வியாழக்கிழமை தவறாமல் மடத்தில் அவர் சமையல்தான்.

"சாமி."

துண்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "வாழ்க்கையைப் பத்தின்னா நாளைக்கு வாங்கண்ணே."

"வண்டியைப் பத்தி, சாமி."

சாமி துண்டை எடுத்தார்.

"அருப்புக்கோட்டைக்குக் கிளம்பினேன். பேட்டரி செத்துக் கெடந்துச்சு. புதுசு மாத்தினேன். மாத்தினதுல இருந்து உள்ள திருவிழா மாதிரி ஒரே லைட்டா எரியுது. இதை வெச்சுக்கிட்டு எப்படிப் போறது?"

"பேட்டரிக்காரர் என்ன சொன்னார்?"

"ஓட்டினா போயிரும்னார். அவருக்கென்ன, வித்தாச்சு."

"பேட்டரி ஏன் செத்துச்சு?"

"நாலு மாசமா வண்டியை எடுக்கலை."

"ஏன் எடுக்கலை?"

தனுஷ்கோடி வேப்பமரத்தைப் பார்த்தார். மரம் உதவிக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். பூரணம் வீட்டில் மாவரைத்து விற்றவள். "கிரைண்டரைத் தங்கச்சிகிட்ட குடுத்திருங்க" என்பதுதான் அவள் கடைசியாகத் தெளிவாகச் சொன்னது. தங்கச்சி செல்லம் இருப்பது அருப்புக்கோட்டையில். முதலில் மழை என்றார் தனுஷ்கோடி. அப்புறம் மூட்டுவலி என்றார். அப்புறம் லைசென்ஸைப் புதுப்பிக்கணும் என்றார். அன்று காலை செல்லமே போன் போட்டுவிட்டாள்.

"இன்னைக்கும் வரலைன்னா விட்டுருங்க மாமா. நான் வேற கிரைண்டர் பாத்துக்கிறேன். அக்கா சொன்னது அக்காவோட போகட்டும்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் அவரை வண்டியில் ஏற்றியது.

சாமி எழுந்து வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். டேஷ்போர்டில் நான்கு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிச்சம் கசிந்தது.

"என்னண்ணே இது, நவராத்திரியா?"

"கண்ணுல படாம இருந்தா ஓட்டிருவேன்னு நெனச்சேன். அவ பொட்டு அட்டை வீட்டுல கெடந்துச்சு."

சாமி ஒவ்வொன்றாக உரித்தார். முதல் பொட்டுக்குக் கீழே ஸ்டியரிங் படம். அடுத்ததில் பிரேக்கைக் குறிக்கும் எழுத்து. அதற்கடுத்ததில் வழுக்கிப் போகும் கார். நான்காவது பொட்டு நிறம் வெளுத்துப்போய் இருந்தது. அதில் நகத்தை வைத்தார்.

"அது வேண்டாம், சாமி."

"ஏன்?"

"அது நான் ஒட்டினதில்லை."

சாமி விரலை எடுத்துக்கொண்டார். முன்பக்கம் ஏறப் போனார். சீட்டில் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது.

"பின்னால இம்புட்டு எடம் கெடக்கே?"

"முன்னாடிதான் வழக்கம்."

யாருக்கு என்று சாமி கேட்கவில்லை. பின்னால் ஏறிக்கொண்டார்.

"ஸ்டார்ட் பண்ணி ஸ்டியரிங்கை இடது பக்கம் கடைசி வரைக்கும் ஒடிங்க."

ஒடித்தார்.

"இப்ப வலது பக்கம். கடைசி வரைக்கும்."

ஒடித்தார். தோள் வலித்தது.

"எதுக்கு சாமி இது?"

"பேட்டரியைக் கழட்டினதும் வண்டிக்கு நேர் எதுன்னு மறந்திருச்சு."

"நேராவே ஓட்டினா தெரிஞ்சுக்காதா?"

"ரெண்டு ஓரத்தையும் பாக்காம நடு எங்க இருக்குன்னு எப்படிண்ணே தெரியும்? இப்ப எடுங்க. வாய்க்கால் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவோம்."

"பிரேக் லைட்டு எரியுதே."

"அதுக்குத்தான் மெதுவாப் போறோம். மறதின்னா தானே போயிரும். நெஜமாவே கோளாறுன்னா போகாது."

போனார்கள். புறப்பட்டதும் வண்டிக்குள் மணி அடிக்கத் தொடங்கியது. டிங், டிங் என்று நிற்காமல் அடித்தது. பருத்திக் காட்டைத் தாண்டும்போது ஸ்டியரிங் விளக்கு அணைந்தது. வழுக்கும் காரும் அணைந்தது. பாலத்தில் திரும்பி வருகையில் பிரேக் எழுத்தும் போனது. தனுஷ்கோடி இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். பிரேக் நன்றாகவே பிடித்தது.

மரத்தடியில் நிறுத்தினார். வெளுத்த பொட்டின் ஓரத்தில் மட்டும் சிவப்பு நின்றது. மணியும் நிற்கவில்லை.

"இது போகலை, சாமி." அவர் குரலில் ஒரு நிம்மதி வந்திருந்தது. "அப்ப இது நெஜக் கோளாறு. இன்னைக்குப் போக முடியாது."

"அது கோளாறு சொல்ற லைட்டு இல்லண்ணே. முன் சீட்டுல ஆள் இருக்கு, பெல்ட் போடலைன்னு சொல்லுது."

"ஆளா? கிரைண்டர் சாமி அது."

"அதுக்குக் கனம்தான் தெரியும்."

தனுஷ்கோடி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"அவ பெல்ட்டே போட மாட்டா, சாமி. வயிறு இறுக்குதும்பா. இது கத்தும், அவ இதைவிடச் சத்தமாப் பேசுவா. ஒருநாள் நெத்தியில இருந்த பொட்டை எடுத்து லைட்டு மேல ஒட்டினா. 'பொட்டு வெச்சாச்சு, இனிமே அடங்கிக் கெடக்கும்'னா. அவ இருந்த வரைக்கும் இது அணைஞ்சதே இல்லை."

வேப்பம்பழம் ஒன்று காரின் கூரையில் விழுந்தது.

"நான் வேணும்னா இதைத் தூக்கிப் பின்னால வெச்சிரட்டுமா? கனம் இல்லைன்னா அணைஞ்சிரும்ல?"

"அணைஞ்சிரும்."

"வெச்சிரட்டுமா?"

"முடியுமா?"

தனுஷ்கோடி கிரைண்டரைப் பார்த்தார். உளுந்தம்மாவு காய்ந்த வெள்ளைக் கோடு ஒன்று அதன் விளிம்பில் இன்னும் இருந்தது. அவர் கை ஸ்டியரிங்கை விட்டு வரவில்லை.

சாமி இறங்கினார். முழங்கால் நெட்டி முறிந்தது. முன்கதவைத் திறந்து, பெல்ட்டை மெதுவாக இழுத்து, கிரைண்டரின் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவந்து மாட்டினார். கொஞ்சம் தளர்த்தியும் விட்டார்.

சிவப்பு போனது. மணி நின்றது. வேப்பமரத்தில் அணில் கத்துவது அப்போதுதான் கேட்டது.

தனுஷ்கோடி வெகுநேரம் அந்தப் பொட்டையே பார்த்தார்.

"அங்க போனதும் பெல்ட்டைக் கழட்டணுமே, சாமி."

சாமி கதவைச் சாத்தினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அதுக்குத்தாண்ணே பட்டன் வெச்சிருக்கான். போய்ச் சேர்ற வரைக்கும் அமுக்காதீங்க."